செல் சவ்வுகளை ஒன்றாக்கும் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள், சில டாக்டர் நண்பர்கள், அப்புறம் போடாக்ஸ் பற்றியோ கொரோனா தடுப்பூசி பற்றியோ எங்கேயோ படித்துவிட்டு ஆர்வத்தில் எழுதியவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இந்தப் பகுதி "நுண்பை செல் சவ்வோடு இணைந்து நரம்புக் கடத்தியை வெளியேற்றுகிறது" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். (நுண்பை என்பது செல்லுக்குள் இருக்கும் சின்னச் சவ்வுப் பை, நரம்புக் கடத்தி என்பது நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள்.) அந்த "இணைந்து" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருப்பதைத்தான் இங்கே விரித்து எழுதப் பார்க்கிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் புரதங்களுக்குச் சவ்வுகளை ஒட்டவைப்பது பெரிய காரியமில்லை, வேண்டாத நேரத்தில் ஒட்டாமல் இருப்பதுதான் பெரிய காரியம்.

ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் பக்கத்தில் வந்தாலே சேர்ந்துவிடுகின்றன. செல் சவ்வும் கொழுப்புதானே, அது ஏன் அப்படிச் சேர்வதில்லை?

எண்ணெய்ப் பொட்டு முழுக்க முழுக்க எண்ணெய். சவ்வில் இருக்கும் கொழுப்பு வேறு மாதிரி. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரோடு ஒட்டி உறவாடும் ஒரு தலையும், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் இரண்டு வால்களும் உண்டு. வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று இரண்டு அடுக்காக நின்றால் சவ்வு. மொத்தத் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர்தான்.

சிக்கல் அந்தத் தலைகளில் இருக்கிறது. அவற்றைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு சவ்வுகள் 2, 3 நானோமீட்டருக்குள் நெருங்க வேண்டுமானால் அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றியாக வேண்டும், அதற்கு நிறைய ஆற்றல் செலவாகும். அதைத் தாண்டிவிட்டால் முதலில் இரண்டு சவ்வுகளின் வெளி அடுக்குகள் மட்டும் ஒன்றாகும், இதைப் பாதி இணைவு என்று சொல்லலாம். பிறகு உள் அடுக்குகளும் கலந்து ஒரு சின்னத் துளை திறக்கும், துளை விரியும். இந்த வரிசை நரம்பு செல்லுக்கும் வைரஸுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒட்டவைக்கும் புரதம்தான் இடத்துக்கு இடம் மாறும்.

ஒரு விதத்தில் இந்தத் தடை நமக்குக் கிடைத்த பாதுகாப்பு. அது இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் செல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே குழம்பாகிவிடும்.

நரம்பு செல்லில் அந்தத் தடையை எந்தப் புரதம் தாண்டவைக்கிறது?

ஸ்நேர் என்ற புரதக் குடும்பம். மனித உடலில் இதில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு, செல்லுக்குள் சரக்குப் பை எந்த அறைக்குப் போக வேண்டுமோ அதற்குத் தகுந்த கூட்டணி சேரும். நரம்பு முனையில் வேலை செய்பவை மூன்று. சினாப்டோபிரெவின் என்பது நரம்புக் கடத்தி நிரம்பிய நுண்பையின் சவ்வில் ஊன்றி நிற்கிறது. சின்டாக்ஸின் எதிரே செல்லின் வெளிச் சவ்வில் ஊன்றி நிற்கிறது. ஸ்னாப்-25 அதே வெளிச் சவ்வில், ஆனால் ஊன்றாமல் கொழுப்பு வால்களால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தனியாக இருக்கும்போது இவற்றில் பெரும் பகுதி துவண்ட நூல் மாதிரிதான், குறிப்பிட்ட வடிவம் கிடையாது. மூன்றும் சந்தித்தால் கதை மாறுகிறது. சினாப்டோபிரெவினிலிருந்து ஒரு இழை, சின்டாக்ஸினிலிருந்து ஒன்று, ஸ்னாப்-25-லிருந்து இரண்டு என்று மொத்தம் நான்கு இழைகள் நான்கு சுருள்களாகி, கயிறு முறுக்குவதுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சுமார் 12 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டாக இறுகுகின்றன. இந்தக் கட்டின் படிக அமைப்பை 1998-ல் ஆக்செல் பிரங்கர், ரைன்ஹார்ட் யான் ஆகியோரின் குழுக்கள் 2.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டன. நான்கு சுருள்களும் ஒரே திசையில் ஓடுகின்றன என்பது அதில் கண்ணாரத் தெரிந்தது.

திசை ஏன் முக்கியம் என்றால், முறுக்கல் சவ்வுக்குத் தொலைவில் இருக்கும் நுனியில் தொடங்கி, சவ்வை நோக்கி ஜிப் இழுப்பதுபோல வருகிறது. ஒரு முனை நுண்பையில், இன்னொரு முனை செல் சவ்வில் ஊன்றியிருப்பதால் ஜிப் மூட மூட இரண்டு சவ்வுகளும் ஒன்றின் மேல் ஒன்று இழுபடுகின்றன, வேறு வழியே அவற்றுக்கு இல்லை. ஒரு கட்டு இறுகும்போது வெளிப்படும் ஆற்றல், செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் ஏடிபி மூலக்கூறு ஒன்று உடைந்தால் கிடைப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு என்று அளந்திருக்கிறார்கள். நான்கே நான்கு இழை இறுகுவதில் இவ்வளவா என்று முதல்முறை படித்தபோது எனக்குப் பிரமிப்பாக இருந்தது, இன்றும் அந்தப் பிரமிப்பு போகவில்லை.

"பூஜ்ய அடுக்கு" என்று ஒன்று சொல்கிறார்களே?

அந்த நான்கு சுருள் கட்டின் உள்பக்கத்தைப் பார்த்தால் அமினோ அமிலங்கள் பதினாறு அடுக்குகளாக ஒன்றுக்கொன்று எதிரே அமர்ந்திருக்கும். பதினைந்து அடுக்குகளில் எல்லாம் தண்ணீரை வெறுக்கும் வகை, அதனால்தான் கட்டு அவ்வளவு இறுக்கம். நட்டநடுவே ஒரு அடுக்கு மட்டும் விதிவிலக்கு: சினாப்டோபிரெவின் தரும் ஒரு ஆர்ஜினின், மற்ற மூன்று இழைகளும் தரும் மூன்று குளூட்டமின்கள். எண்ணும்போது இதைப் பூஜ்யம் என்று வைத்து இரண்டு பக்கமும் எண்ணுகிறார்கள். ஈஸ்ட்டிலிருந்து மனிதன் வரை இந்த அடுக்கு மாறாமல் இருப்பதால் ஸ்நேர்களையே ஆர் வகை, க்யூ வகை என்று இதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள் (ஆர் என்பது ஆர்ஜினினின் குறியெழுத்து, க்யூ என்பது குளூட்டமினின் குறியெழுத்து). தேர்வுக்குப் படிப்பவர்கள் மூன்று க்யூ, ஒரு ஆர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்னாப்-25 ஒன்று, ஆல்ஃபா ஸ்னாப் ஒன்று. இரண்டும் உறவா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பத்தால் மதிப்பெண் இழந்த மாணவர்களை எனக்குத் தெரியும், அதனால் தனிக் கேள்வியாகவே வைக்கிறேன். ஸ்னாப்-25 என்பது இணைக்கும் ஸ்நேர்களில் ஒன்று, 25 என்பது அதன் எடை கிலோடால்டனில். ஆல்ஃபா ஸ்னாப் என்பது ஸ்நேர் கட்டைப் பிரிக்க உதவும் வேறொரு புரதம். இரண்டு வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு காரணத்துக்காகச் சூட்டிய பெயர்கள் தற்செயலாக ஒன்றாகிவிட்டன. இதில் வேடிக்கை, "ஸ்நேர்" என்ற குடும்பப் பெயரே "ஸ்னாப்பைப் பிடிக்கும் ஏற்பி" என்பதன் சுருக்கம், அங்கே சொல்லப்படுவது பிரிக்கும் ஸ்னாப்.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?

மூன்று பாதைகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த கதை இது. ராண்டி ஷெக்மன் ஈஸ்ட்டில் வேலை செய்தார். சரக்கை வெளியே அனுப்ப முடியாத ஈஸ்ட் செல்களுக்குள் பைகள் தேங்கித் தேங்கி அடர்த்தி கூடிவிடும், அந்த அடர்த்தியை வைத்தே அவற்றைப் பிரித்தெடுத்து, 1980-ல் இருபத்துமூன்று மரபணுக்களை அவர் குழு அடையாளம் காட்டியது. ஜேம்ஸ் ராத்மன் உயிர்வேதியியல் பக்கமிருந்து வந்தார். ஸ்நேர் கட்டைப் பிரிக்கும் என்.எஸ்.எஃப். என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து, அதையும் ஆல்ஃபா ஸ்னாப்பையும் தூண்டிலாகப் போட்டு, மாட்டு மூளைச் சாற்றிலிருந்து 1993-ல் மேலே சொன்ன மூன்று ஸ்நேர்களையும் பிடித்தார். மூன்றும் நரம்பு முனையில் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த புரதங்கள், என்ன வேலை செய்கின்றன என்பதுதான் அன்றைக்குப் புதிர். தாமஸ் சூட்ஹோஃப் கால்சியம் எப்படி இதை நொடியில் இயக்குகிறது என்று தேடிப் போனார். மூவருக்கும் 2013-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

எனக்குப் பிடித்தது அந்த மாட்டு மூளைச் சோதனைதான். ஈஸ்ட்டும் மூளையும் ஒரே உத்தியைத்தான் பயன்படுத்துகின்றன என்பது அதன் பிறகு மறுக்க முடியாததாகிவிட்டது.

ஸ்நேர் மட்டும் இருந்தால் போதுமா?

போதும், போதாது, இரண்டும் உண்மை. 1998-ல் ராத்மன் குழுவினர் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளில் ஸ்நேர்களை மட்டும் பதித்து வைத்துப் பார்த்தார்கள், குமிழிகள் இணைந்தன. ஆக, ஒட்டவைக்கும் வேலைக்கு இவை போதும். ஆனால் அந்தச் சோதனையில் இணைவதற்குப் பல பத்து நிமிடங்கள் ஆயின. நரம்பு முனையில் கால்சியம் நுழைந்ததிலிருந்து ஒரு மில்லி நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நிமிடத்துக்கும் மில்லி நொடிக்கும் இடையில் இருக்கும் அந்தப் பள்ளத்தை நிரப்புபவை கட்டுப்படுத்தும் புரதங்கள்.

சரி, அந்தக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியின் வேகம் எலி வரும்போது உண்டாவதில்லை, நாம் ராத்திரியே ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி வைத்தபோது உண்டானது. எலி செய்வது கொக்கியைத் தட்டிவிடுவது மட்டுமே. நரம்பு முனையும் இப்படித்தான், பொறியை முன்பே மாட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறது.

மாட்டுவதில் முதல் ஆள் முன்க்18. சின்டாக்ஸின் சும்மா இருக்கும்போது தன் உடலின் ஒரு பகுதியைத் தானே மடித்து, ஸ்நேர் இழையை மூடி வைத்துக்கொள்ளும். முன்க்18 அந்த மூடிய உருவத்தை அப்படியே அணைத்துப் பிடித்துக்கொள்கிறது, கண்ட கண்ட ஸ்நேர்களோடு போய்ச் சிக்கிக்கொள்ளாதபடி. இதைப் படித்தால் முன்க்18 ஒரு தடை என்றுதான் தோன்றும். ஆனால் எலியில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது நரம்புக் கடத்தி கூடுதலாக வெளியேறவில்லை, ஒரு சொட்டுகூட வெளியேறவில்லை. பிடித்து வைப்பவரேதான் சரியான ஜோடி சேர்த்துவைப்பவரும் என்பது அதன் பிறகுதான் புரிந்தது. முன்க்13 என்ற இன்னொரு புரதம் வந்து சின்டாக்ஸினைத் திறந்துவிட, முன்க்18 விலகாமல் கூடவே இருந்து சினாப்டோபிரெவினைப் பக்கத்தில் வைத்து முறுக்கலைத் தொடங்கிவைக்கிறது.

இந்த "முன்க்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். சிட்னி பிரென்னர் 1974-ல் வெளியிட்ட உருளைப்புழு ஆய்வில், ஒழுங்காக நெளியத் தெரியாத புழுக்களின் மரபணுக்களுக்கு "அன்க்" என்று எண் போட்டார், ஒத்திசைவில்லாத என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகள் அவை. அதில் பதின்மூன்றாவதும் பதினெட்டாவதும் பாலூட்டிகளில் இவையாக இருந்தன. மண்ணில் நெளியும் ஒரு மில்லிமீட்டர் புழு ஏன் தடுமாறுகிறது என்ற கேள்விக்கான பதில் நம் மூளைக்குள் இருந்திருக்கிறது.

முறுக்கல் பாதி வரை வந்ததும் நிற்க வேண்டும். அங்கே காம்ப்ளெக்ஸின் என்ற சின்னப் புரதம் கட்டின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஜிப்பைப் பாதியில் பிடித்து வைப்பது இதன் வேலைகளில் ஒன்று, ஆனால் இதுவும் வெறும் தடை இல்லை, இது இல்லாவிட்டால் கால்சியம் வந்தபோது நடக்க வேண்டிய இணைவும் குறைந்துபோகிறது. நரம்பு முனையில் தடுப்பவரையும் உதவுபவரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை, மாணவர்கள் பட்டியல் போட்டுப் படிக்கும்போது இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கால்சியம் கொக்கியைத் தட்டுவது எப்படி?

சினாப்டோடாக்மின் வழியாக. இது நுண்பையின் சவ்வில் ஊன்றியிருக்கும் புரதம், இதற்குச் சி2ஏ, சி2பி என்று இரண்டு கைகள். முதல் கையில் மூன்று கால்சியம் அயனிகள் உட்காரும், இரண்டாவதில் இரண்டு. கால்சியம் உட்கார்ந்ததும் கைகளின் விரல் நுனிகள் எதிர்ச் சவ்வின் கொழுப்புக்குள் புதைகின்றன, சவ்வு வளைகிறது, பாதியில் நின்ற ஜிப் மூடிவிடுகிறது.

சாதாரண நேரத்தில் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். நரம்பு மின்துடிப்பு வந்து கால்சியம் வாசல்கள் திறந்தால் வாசலை ஒட்டிய சின்ன இடத்தில் மட்டும் அளவு சட்டென்று எகிறும், தள்ளி இருக்கும் இடத்துக்குப் போவதற்குள் கரைந்துவிடும். அதனால் பொறி மாட்டிய பைகள் வாசலை ஒட்டியே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கால்சியம் இருந்தால்தான் நரம்புக் கடத்தி வெளியேறும், அதுவும் பொட்டலம் பொட்டலமாக வெளியேறும் என்று பெர்னார்ட் காட்ஸ் கண்டதற்கு 1970-லேயே நோபல் கொடுத்துவிட்டார்கள், கால்சியத்தைப் பிடிக்கும் கை யாருடையது என்று தெரிய இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் ஆனது.

ஒரு நுண்பையின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். அதன் மேல் ஏறக்குறைய 70 சினாப்டோபிரெவினும் 15 சினாப்டோடாக்மினும் இருப்பதாக 2006-ல் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இணைவதற்குத் தேவைப்படுபவை அதில் ஒரு சில கட்டுகள் மட்டுமே.

இணைந்து முடிந்த பிறகு அந்தக் கட்டு என்ன ஆகும்?

நான்கு இழையும் ஒரே சவ்வில் இறுகிக் கிடக்கும், தானாகப் பிரியவே பிரியாது. ஆல்ஃபா ஸ்னாப் அதைச் சுற்றிப் பிடிக்க, ஆறு துண்டுகள் வளையமாகச் சேர்ந்த என்.எஸ்.எஃப். வந்து ஏடிபியை உடைத்து அந்த ஆற்றலில் கட்டைப் பிரித்துப் போடுகிறது. எலிப்பொறியை மறுபடி இழுத்து மாட்டும் கை இதுதான். இணையும் நேரத்தில் ஏடிபி செலவாவதில்லை, பிரிக்கும்போதுதான் செலவாகிறது என்பதைக் கவனியுங்கள், தேர்விலும் இதைத் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள்.

போடாக்ஸ் இதில் எங்கே வருகிறது? ரணஜன்னியும் இதே வழிதான் என்கிறார்களே?

ஆமாம், இரண்டும் ஸ்நேர்களை வெட்டும் கத்திகள். போட்யூலினம் நஞ்சும் (இதன் ஏ வகைதான் போடாக்ஸ்) ரணஜன்னியை உண்டாக்கும் டெட்டனஸ் நஞ்சும் நெருங்கிய உறவுள்ள பாக்டீரியாக்கள் உண்டாக்குபவை. இரண்டிலும் துத்தநாக அயனி பொருத்திய ஒரு வெட்டும் பகுதி இருக்கிறது. போட்யூலினத்தின் ஏ வகை ஸ்னாப்-25-ன் கடைசி ஒன்பது அமினோ அமிலங்களை மட்டும் நறுக்குகிறது. 206-ல் ஒன்பதுதான் போகிறது, ஆனால் அது சவ்வுப் பக்கத்து முனை, ஜிப் கடைசியாக மூட வேண்டிய இடம், அதனால் எல்லாம் நின்றுவிடுகிறது. பி வகை சினாப்டோபிரெவினை வெட்டுகிறது. சி வகை சின்டாக்ஸினையும் ஸ்னாப்-25-ஐயும் வெட்டுகிறது. எந்த நஞ்சு எதை வெட்டுகிறது என்று 1990-களில் கண்டபோது, அந்த மூன்று புரதங்களும் உண்மையாகவே இணைவுக்கு இன்றியமையாதவை என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேறு கிடைக்கவில்லை.

இப்போது டெட்டனஸுக்கு வருகிறேன். அது சினாப்டோபிரெவினில், போட்யூலினம் பி வெட்டும் அதே பிணைப்பில்தான் வெட்டுகிறது. ஒரே புரதம், ஒரே இடம். ஆனால் போட்யூலினம் வந்தவருக்குத் தசைகள் துவண்டு போகின்றன, ரணஜன்னி வந்தவருக்குத் தசைகள் வில்லாக விறைக்கின்றன. காரணம், வெட்டு விழும் ஊர் வேறு. போட்யூலினம் தசையைத் தொடும் நரம்பு முனையிலேயே தங்கி, "சுருங்கு" என்ற செய்தியை நிறுத்துகிறது. டெட்டனஸ் நஞ்சு அதே முனையில் நுழைந்து, நரம்புக்குள்ளேயே மேல்நோக்கிப் பயணம் செய்து தண்டுவடத்துக்குப் போய், அங்கே "போதும், நிறுத்து" என்று சொல்லும் தடுப்பு நரம்புகளுக்குள் புகுந்து வெட்டுகிறது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் தசைகள் இறுகிக்கொண்டே போகின்றன.

இலங்கைத் தமிழில் இதற்கு ஏற்புவலி என்று பெயர். சுத்தமில்லாத பிளேடால் தொப்புள்கொடி அறுத்ததால் பச்சைக் குழந்தைகளை இந்த நோய் கொண்டுபோன காலம் வெகுதூரத்தில் இல்லை. கர்ப்பிணிகளுக்குப் போடும் ரணஜன்னி ஊசியும் மருத்துவமனைப் பிரசவமும் சேர்ந்து அதை ஒடுக்கின, தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ல் உறுதி செய்யப்பட்டது. அந்த ஊசியை "சும்மா ஒரு டி.டி." என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

போடாக்ஸ் சுருக்கத்துக்கு மட்டும்தானா என்ற துணைக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும்தான். ஏ வகையின் விளைவு மூன்று நான்கு மாதங்களில் தேயும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

சர்க்கரை நோய்க்கும் ஸ்நேருக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. கணையத்தின் பீட்டா செல் இன்சுலினை வெளியே விடுவதும் இதே மூன்று ஸ்நேர்களால்தான். குளுக்கோஸ் கூடினால் ஏடிபி கூடும், அது ஒரு பொட்டாசியம் வாசலை மூடும், அதனால் கால்சியம் வாசல் திறக்கும், கால்சியம் வந்தால் பை இணையும். நம் வீடுகளில் பலர் போடும் கிளிமிபிரைடு மாத்திரை அந்தப் பொட்டாசியம் வாசலைத்தான் மூடுகிறது, மீதி வேலையை ஸ்நேர்கள் பார்த்துக்கொள்கின்றன. வெளியே வந்த இன்சுலின் தசை செல்லைத் தொட்டதும், குளுக்கோஸை உள்ளே இழுக்கும் வாசல்கள் கொண்ட பைகள் அங்கே செல் சவ்வோடு இணைகின்றன, அதுவும் ஸ்நேர் வேலைதான், உறுப்பினர்கள் மட்டும் கொஞ்சம் வேறு.

வைரஸும் ஸ்நேர் வைத்துத்தான் நுழைகிறதா?

இல்லை, வைரஸ் தன் புரதத்தைத் தானே கொண்டுவருகிறது. ஸ்நேருக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும், வைரஸுக்கு எதிர்ப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் அது ஈட்டி எறிகிறது.

நன்றாகத் தெரிந்த உதாரணம் இன்ஃபுளுயன்சாவின் ஹீமாக்ளூட்டினின். மூன்று பிரதிகள் சேர்ந்து ஒரு முள்ளாக நிற்கும். இந்த முள் முதலில் ஒரே நீள இழையாக உருவாகிறது, நம் உடலின் கத்திரிப் புரதம் ஒன்று அதை இரண்டாக நறுக்கினால்தான் பொறி மாட்டப்படும். நறுக்கப்படாத வைரஸ் தொற்றாது. சாதாரண ஃப்ளூவை நறுக்கும் கத்திரி பெரும்பாலும் சுவாசப் பாதையில்தான் இருக்கிறது. எச்5என்1 போன்ற கொடிய பறவைக் காய்ச்சல் வகைகளில் நறுக்கும் இடத்தில் கூடுதல் அமினோ அமிலங்கள் நுழைந்திருப்பதால், உடலெங்கும் கிடைக்கும் ஃபியூரின் என்ற கத்திரியே போதும், அதனால் கோழியின் எல்லா உறுப்புகளுக்கும் பரவிவிடுகிறது.

பொறியைத் தட்டுவது அமிலம். செல் வைரஸை விழுங்கிய பை புளிக்கத் தொடங்கி, பிஎச் 5-க்கு அருகே வந்ததும், முள்ளின் நடுவே துவண்டிருந்த வளைவு நீண்ட சுருளாக நிமிர்கிறது. உள்ளே ஒளிந்திருந்த கூர்முனை 10 நானோமீட்டர் மேலே எறியப்பட்டு எதிர்ச் சவ்வில் குத்துகிறது. பிறகு முள் பாதியாக மடிந்து இரண்டு சவ்வுகளையும் சேர்த்து இழுக்கிறது. மடிந்து முடிந்த உருவத்தில் இங்கேயும் சுருள்கள் கட்டாக இறுகி நிற்கும், ஸ்நேரோடு எந்த வம்சத் தொடர்பும் இல்லாமலேயே.

டெங்குவும் இதே மாதிரியா?

தட்டுவது அமிலம்தான், ஆனால் உருவம் வேறு குடும்பம். டெங்குவின் ஈ புரதம் முள்ளாக நிற்காமல், 180 பிரதிகள் இரண்டிரண்டாக வைரஸின் மேல் ஓடு வேய்ந்தது போலப் படுத்துக் கிடக்கும். அமிலத்தில் ஜோடிகள் பிரிந்து மூன்று மூன்றாகச் சேர்ந்து எழுந்து நிற்கும், நுனியில் உள்ள கண்ணி எதிர்ச் சவ்வில் செருகும்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு மூடி. புது வைரஸ் செல்லிலிருந்து வெளியேறும் வழியிலும் அமில அறை ஒன்றைக் கடக்க வேண்டும், அங்கேயே பொறி விழுந்துவிட்டால் எல்லாம் வீண். அதனால் ஒவ்வொரு ஈ-யின் கண்ணி மேலும் பிஆர் என்ற துண்டு மூடியாக உட்கார்ந்திருக்கும். வழியில் ஃபியூரின் அதன் இணைப்பை அறுத்துவிட்டாலும், அமிலம் இருக்கும்வரை மூடி ஒட்டிக்கொண்டே இருக்கும். செல்லுக்கு வெளியே வந்து அமிலம் நீங்கியதும்தான் கழன்று விழும். அடுத்த முறை அமிலத்தைப் பார்க்கும்போது மூடி கிடையாது.

கொரோனா தடுப்பூசியில் "இரண்டு புரோலின்" என்று படித்தேன். அது என்ன?

இந்தப் பக்கத்திலேயே நான் எழுத ஆசைப்பட்ட பதில் இதுதான். இழுத்து மாட்டிய பொறிக்கு ஒரு சிக்கல் உண்டு: கை பட்டாலே விழுந்துவிடும். தடுப்பூசிக்காக வைரஸின் முள் புரதத்தைத் தனியாகத் தயாரித்தால் அது தானாகவே மடிந்து, வேலை முடிந்த உருவத்துக்குப் போய்விடும். அந்த உருவத்தைப் பார்த்து நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள்கள், மடிவதற்கு முந்தைய உருவத்தோடு வரும் நிஜ வைரஸைச் சரியாகப் பிடிப்பதில்லை.

இது முதலில் புரிந்தது ஆர்.எஸ்.வி. என்ற வைரஸில், கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்குவது. 1960-களில் ஃபார்மலினால் செயலிழக்க வைத்த தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டபோது, பிறகு தொற்று வந்தவர்களில் நோய் முற்றியது, இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த ஊசியில் இருந்த இணைவுப் புரதம் பெரும்பாலும் மடிந்து முடிந்த உருவத்தில் இருந்தது என்பது அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்த காரணங்களில் ஒன்று. 2013-ல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் உள்ளிட்டோர் மடிவதற்கு முந்தைய உருவத்தைப் படம்பிடித்து, அப்படியே நிலைநிறுத்தவும் வழி கண்டார்கள். அந்த உருவத்தை வைத்துச் செய்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகள் 2023-ல் அனுமதி பெற்றன.

அதே குழுவினர் கொரோனா குடும்பத்தில், மெர்ஸ் வைரஸை வைத்து 2017-ல் காட்டிய உத்திதான் இரண்டு புரோலின். புரோலின் என்ற அமினோ அமிலம் நீண்ட சுருளுக்குள் பொருந்தாது, அங்கே ஒரு முடிச்சாக நிற்கும். முள் நிமிர்ந்து நீண்ட சுருளாக வேண்டிய இடத்தில் இரண்டு புரோலினை வைத்துவிட்டால் அது நிமிர முடியாமல் பழைய உருவத்திலேயே நிற்கும். கோவிட் வைரஸின் 1273 அமினோ அமில முள்ளில் 986, 987 ஆகிய இரண்டு இடங்களை மாற்றி ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளை வடிவமைத்தார்கள். நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இந்த மாற்றம் கிடையாது, கோவாக்ஸின் செயலிழந்த முழு வைரஸ். அவையும் உயிர்களைக் காத்தன. ஆனாலும் 2020 ஜனவரியில் மரபணு வரிசை வெளியானதும் எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததற்குக் காரணம், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில் இணைவுப் புரதங்களின் வடிவத்தைப் பொறுமையாகப் படித்த அந்த ஆய்வாளர்கள்.

இணைவைத் தடுக்கும் மருந்து ஏதாவது இருக்கிறதா?

எச்.ஐ.வி.க்கு என்ஃபுவிர்டைடு, 2003-ல் வந்தது. வைரஸின் ஜிபி41 புரதம் மடிந்து ஆறு சுருள் கட்டாக வேண்டும், இந்த 36 அமினோ அமில மருந்து அதில் ஒரு சுருளைப் போலவே நடித்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, கட்டு மூட முடியாமல் போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு ஊசி என்பதால் இப்போது அதிகம் பயன்படுவதில்லை.

முழுச் செல்களே ஒன்றாக இணைவது உண்டா?

உண்டு. தசை நார் ஒவ்வொன்றும் பல செல்கள் கலந்து உண்டானது, அதற்கு மயோமேக்கர், மயோமிக்ஸர் என்ற இரண்டு புரதங்கள் வேண்டும். கருத்தரிப்பில் விந்தணுவின் இசூமோ கருமுட்டையின் ஜூனோவைப் பிடித்துக்கொள்கிறது. இசூமோ திருமண வரத்துக்குப் பெயர்போன ஜப்பானியக் கோயில் உள்ள ஊர், ஜூனோ ரோமர்களின் திருமண தெய்வம். செடிகளிலும் மலேரியாக் கிருமியிலும் பாலணுக்களை இணைக்கும் ஹாப்2 புரதத்தின் வடிவத்தை 2017-ல் பார்த்தபோது, அது டெங்கு குடும்பத்து வைரஸ்களின் இணைவுப் புரதத்தோடு அப்படியே ஒத்துப்போனது.

நஞ்சுக்கொடியில் வைரஸ் புரதம் இருக்கிறது என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மை. பழங்காலத்தில் நம் முன்னோர் உயிரினங்களின் மரபணுவில் புகுந்து தங்கிவிட்ட ஒரு ரெட்ரோ வைரஸின் உறைப் புரதம்தான் சின்சிட்டின், 2000-ல் அடையாளம் கண்டார்கள். கருவின் பக்கத்து நஞ்சுக்கொடிச் செல்கள் இதை வைத்து ஒன்றோடொன்று கலந்து, நடுவில் தடுப்பே இல்லாத ஒரே நீண்ட விரிப்பாகின்றன. தாயின் ரத்தம் அந்த விரிப்பை நனைத்துக்கொண்டு ஓடுகிறது, செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் சந்து இல்லாததால் போவதும் வருவதும் எல்லாம் அந்த விரிப்பின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். வயிற்றில் இருந்த மாதங்களில் நமக்கு ஊட்டம் வந்து சேர்ந்த பாதை அது.